நூற்று நாற்பத்து நான்காம் பக்கம்

அந்த வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு ஐந்து பேர் வந்திருந்தார்கள். டெய்லர் மகன், ஆட்டோக்காரர் மகன், திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டுபவரின் மகன், பாத்திரக்கடை பாய் வீட்டு இரட்டைப் பெண்கள். வராதவள் ஒருத்திதான், தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவரின் மகள். இரண்டு வாரமாக அவள் பள்ளிக்கே வரவில்லை. படிப்பை நிறுத்திவிட்டார்களோ என்று எனக்குப் பயம்.

எட்டாம் வகுப்பில் நான் ஆரம்பித்த வாசிப்புக் குழு அது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். குழுவுக்கு எல்லோர் கையிலும் ஒரே புத்தகம் வேண்டும். பள்ளி பீரோவில் எதிலும் ஒரு பிரதிக்கு மேல் கிடையாது. குரோம்பேட்டையில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரே நாவல் ஏழு பிரதி இருந்தது. கடலுக்குப் போன அண்ணனுக்காகத் தினமும் கரையில் விளக்கு ஏற்றும் தங்கையின் கதை. "ஏழும் புச்சு சார், எவனும் தொட்டதில்ல, எடைக்கே போட்டுத் தரேன்" என்றார் கடைக்காரர். ஆறு பிள்ளைகள், நான் ஒருவன், கணக்கு சரியாக இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். புத்தகம் வாங்கும்முன் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

வாரம் ஒரு அத்தியாயம், யாரும் முந்தி ஓடக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். நானும் ஓடவில்லை. பாடத்தில் இல்லாத நாவல் ஒன்றை நானே அப்போதுதான் முதல்முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் கடைசி அத்தியாயம். நூற்று நாற்பத்து நான்காம் பக்கத்தில் தங்கை கரையில் நிற்கிறாள், தூரத்தில் ஏதோ தெரிகிறது, வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. அடுத்தது பின் அட்டை. என் பிரதியில் மட்டும்தான் என்று நினைத்தேன். ஐந்து பேருடையதும் அப்படியே. பைண்டிங்கில் கழித்துப்போட்டவற்றை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

"கடைக்காரன் நம்மள நல்லா ஏமாத்திட்டான் சார்" என்று டெய்லர் மகன் சிரித்தான்.

இரட்டையரில் ஒருத்தி சிரிக்காமல், வராதவளின் காலி இடத்தைக் காட்டினாள். "சார், அவ முன்னாடியே படிச்சு முடிச்சிட்டா சார். கடைசிப் பக்கமெல்லாம் மார்க்கெட்ல தொலைச்சிட்டேன்னு நெனச்சிகினு கீறா. நீங்க அடிப்பீங்கன்னுதான் வர்ல."

மறுநாள் காலை ஆறு பிரதிகளையும் பையில் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டாள். அவள் அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"வா சார். புக்குக்குக் காசு கேக்க வந்தியா? எவ்ளோன்னு சொல்லு. பொண்ண மட்டும் அடிச்சிராத."

நான் ஆறையும் சாக்கின்மேல் வரிசையாக வைத்தேன். அவள் வந்து பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தாள். ஆறாவதை மூடினாள்.

"அப்ப நான் தொலைக்கல."

"இல்லம்மா. தப்பு என்னோடது. பாக்காம வாங்கிட்டேன்."

பக்கத்துக் கூடைக்காரம்மா பொறுக்கவில்லை. "அத்த வுடு சார். அண்ணங்காரன் கரைக்கு வந்தானா இல்லியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"மத்தியானம் கூட்டம் கொறஞ்சா இந்தப் பொண்ணு எங்களுக்குப் படிச்சுக் காட்டும். மழைக்காலத்துல எவனாச்சும் தனியா கட்டுமரம் எறக்குவானா? எழுதுனவன் கடலயே பாத்ததில்ல. ஆனா அந்தத் தங்கச்சி கீதே... சரி, நீ சொல்லு, வந்தானா?"

"எனக்கும் தெரியாதும்மா."

"வாத்தியாரே படிக்கலியா! இன்னா சார் நீ!"

அந்த வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவளுடைய பிரதியை வாங்கிப் புரட்டினேன். பக்கங்களுக்கிடையே மீன்செதில்கள் காய்ந்து ஒட்டியிருந்தன. ஒவ்வொரு நாளும் எந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தினாள் என்பதற்கு அவை அடையாளம். ஆறு பேரைப் படிக்கவைக்க நான் கரடியாய்க் கத்திக்கொண்டிருந்தேன். இங்கே எழுத்தே தெரியாத நான்கு பெண்கள் எழுதியவனோடு சண்டை போட்டுக்கொண்டு, மறுநாளைக்கு மிச்சம் வைத்துக்கொண்டு, ஒரு நாவலையே கேட்டு முடித்திருக்கிறார்கள். யாரும் சட்டம் போடவில்லை.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வந்தாள். ஒரு ரூபாய் காயின் போனில் பதிப்பகத்தைக் கூப்பிட்டு முழுப் பிரதி ஒன்றை, தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கும் வி.பி.பி.யில் வரவழைத்தேன். என் கைக்காசைப் போடுவதாகச் சொன்னதற்குக் கூடைக்காரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நாங்களும் கேட்டோம் இல்ல?" என்றார். அடுத்த சனிக்கிழமை மதியம் ஐஸ் பெட்டியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தோம். கடைசிப் பதினாறு பக்கத்தையும் அவள்தான் படித்தாள். அண்ணன் வந்துவிட்டான். வந்தவனிடம் தங்கை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறு பிள்ளைகள், நான்கு மீன்காரம்மாக்கள், நான் எல்லோரும் சேர்ந்து போட்டது, தபால் செலவோடு, ஐம்பத்தைந்து ரூபாய். ஆளுக்கு ஐந்து.