முழிக்கக் கூடாத முகம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் குடித்தனம் வந்த புதிது. பழவங்காடிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. கணவருக்கு சர்க்கார் உத்தியோகம். மாதத்தில் பாதி நாள் கேம்ப். பதினெட்டு வயதில் எனக்கு இருந்த வாய்க்கொழுப்பு கொஞ்சநஞ்சமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விடியற்காலையில் பால் கொண்டு வரும் மலையாளத்து அம்மாவுக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. ஒரு கண்ணும் வெளுத்திருக்கும். வந்த வாரத்திலேயே, "நாளையிலேருந்து பாலைக் கொல்லைப்பக்கம் வச்சிட்டுப் போயிருங்க, கூப்பிட வேண்டாம்" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. காலையில் அந்த முகத்தில் முழித்தால் நாள் உருப்பட்ட மாதிரிதான் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிச் சிரித்தது, சுவருக்கு அந்தப்புறம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

அந்த மாசி மாதம் கணவர் கேம்ப் போயிருந்தபோது எனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் மார்பிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். வேர்க்குரு என்று நினைத்துச் சந்தனம் பூசினேன். மறுநாள் அவை நீர் கோத்து நின்றன.

ஊரில் அப்போது வசூரி இருந்தது. பெரியம்மையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றபடியே பார்த்தாள். ஒரு கொத்து வேப்பிலையைக் கதவில் செருகிவிட்டுப் போனவள்தான்; பிறகு படியில் கஞ்சி மட்டும் வந்தது. அவளுக்குச் சின்னப் பிள்ளைகள் மூன்று, குற்றம் சொல்ல முடியாது. சந்தில் ஆட்கள் பேசிக்கொண்டு வருவது கேட்கும், என் வாசலுக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடும். கணவருக்குக் கடிதம் எழுதினாலும் தபாலில் போட ஆளில்லை. வசூரி என்றால் ஊருக்கு வெளியே கொட்டகைக்குத் தூக்கிப் போய்விடுவார்கள், திரும்பி வந்தவர்கள் குறைவு என்று கேள்விப்பட்டிருந்தேன். சாவதைக்கூட விடுங்கள், பெயர் சொல்லி அழ ஒருத்தர் இல்லாத இடத்தில் சாவதை நினைத்துத்தான் அழுதேன்.

முந்தின நாள் பால் எடுக்காமல் திரிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, அந்த அம்மா கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"கிட்ட வராதீங்க, வசூரி" என்றேன்.

"எனிக்கு ஒருவாட்டி வந்து போயி மோளே, இனி வராது."

பாயோரம் உட்கார்ந்து என் கையை விரித்து, உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். அப்புறம் உள்ளங்காலை. காய்ச்சல் வந்த பிறகு என்னைத் தொட்ட முதல் கை அதுதான்.

"வசூரியானா இவிடெ நிறையும். எனிக்கு நிறஞ்சு. உனக்கு ஒண்ணுமில்ல. இது சின்ன அம்மையாணு, பேடிக்கண்டா."

பயப்படாதே என்கிறார். நான் சிறுபிள்ளை மாதிரி ஓவென்று அழுதேன்.

தலைக்குத் தண்ணீர் விடும் நாள்வரை தினமும் வந்தார். கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார். அரிப்புத் தாங்காமல் நான் நெளியும்போது வேப்பிலைக் கொத்தால் வருடிவிடுவார். உள்ளே இருக்கிற நேரமெல்லாம் மேல்துண்டால் முகத்தைப் பாதி மூடியே வைத்திருந்தார். வழக்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் விட்ட மறுநாள், இருட்டோடு எழுந்து முன்வாசலைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். அவர் பழையபடி கொல்லைப்பக்கம் போய்ப் பாலை வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பின்னாலேயே ஓடினேன்.

"இனிமே முன்வாசலுக்கே வாங்கம்மா."

துண்டை எடுக்காமலே கேட்டார்: "காலத்தே இந்த முகம் கண்டா குழப்பமில்லையோ?"

காலையில் இந்த முகத்தைப் பார்த்தால் கெடுதல் ஒன்றுமில்லையா என்கிறார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் நெற்றியோரத்தில் ஒரே ஒரு தழும்பு தங்கிவிட்டது. தினமும் காலையில் கண்ணாடியில் அதைப் பார்க்கும்போது அந்த அம்மாவின் முகத்தில்தான் முழிக்கிறேன். அப்படி முழித்து எனக்கு எந்த நாளும் கெட்டுப்போனதில்லை.