நடுவில் நின்ற குரல்

இது நடந்தது. நடந்தபடியே சொல்கிறேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. புளியமரம், சுடுகாடு, நாய் ஊளை என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போய் வேறு வேலை பார்க்கலாம். இது பட்டப்பகலில் நடந்தது. மல்லசமுத்திரத்தில், வீட்டுக்கு ஸ்டீரியோ ஸ்பீக்கர் வாங்கப் போய் நடந்தது. சிரிப்பு வருகிறதா? வரட்டும். தண்டாயுதபாணிக்கு வரவில்லை.

தண்டாயுதபாணி ரிக் வண்டிக்காரர். போர்வெல் போடுகிற லாரி சொந்தமாக வைத்திருப்பவர். அந்தப் பக்கத்து ரிக் வண்டிகள் ஊரில் நிற்பதே அபூர்வம். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் வடக்கேதான் கிடக்கும், இவரும் கூடவே கிடப்பார். கம்ப்ரஸர் சத்தத்திலேயே வாழ்ந்து காது பாதி மந்தம். ரிக் ஓடும்போது போனில் பேசினால் கேட்காது என்பதால் மனைவி கந்தம்மாள் வாட்ஸப்பில் பேசி அனுப்பிவிடுவாள். ரிக்கை நிறுத்திய பிறகு இவர் ஒதுங்கிப் போய், போனைக் காதோடு அமுக்கிக்கொண்டு கேட்பார். மாடு கன்று போட்டதும் மகளுக்கு வரன் வந்ததும் அப்படித்தான் இவர் காதுக்கு வந்து சேர்ந்தன. அவர்கள் குடும்பம் அப்படி ஓடியது. நன்றாகவே ஓடியது.

போன ஐப்பசியில், அடைமழை நாளொன்றில், கந்தம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

வீட்டில் தனியாக இருந்திருக்கிறாள். மத்தியானம் இவருக்கு ஒன்று பேசி அனுப்பியிருக்கிறாள். இவர் அப்போது சத்தீஸ்கரில் ஓடுகிற ரிக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். போனை எடுத்துப் பார்த்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அதற்குள் மகள் மோகனப்பிரியா கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தாள்.

அந்தக் கடைசிப் பேச்சில் தெளிவாகக் கேட்பது ஒரே ஒரு சொல். "ஏனுங்க..."

அப்புறம் மழைதான். வாசலில் போட்டிருக்கும் தகர ஷீட்டின் மேல் கொட்டுகிற மழை. அதற்கு அடியில் அவள் என்னவோ பேசுகிறாள். பேசுகிறாள் என்று தெரிகிறது, என்ன பேசுகிறாள் என்று தெரியவில்லை.

"தூக்கத்துலயே போயிருக்காங்க. ஒரு வேதனையும் இருந்திருக்காது" என்றார் டாக்டர். துக்கம் விசாரிக்க வந்த அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். தண்டாயுதபாணி எல்லோருக்கும் தலையாட்டினார். ஆனால் ஒரு கேள்வி அவர் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. தூங்கப் போகிறவள் மழையில் வாசலுக்கு வந்து எதற்காகக் கூப்பிட்டாள்? உடம்புக்கு முடியவில்லை என்று சொன்னாளா? சொல்லியும் நான் கேட்காமல் விட்டேனா? இதற்கு விடை தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மகளைக் கேட்கச் சொன்னார். ராசிபுரத்தில் வாழ்க்கைப்பட்ட மோகனப்பிரியாவுக்கு நல்ல காது. அவளுக்கும் மழைதான் கேட்டது.

போன் ஸ்பீக்கர் கடுகளவு. நல்ல பெரிய ஸ்பீக்கரில் போட்டால் கேட்கும் என்று யாரோ சொல்லிவைக்க, தை பிறந்ததும் சேலத்துக்குக் கிளம்பிவிட்டார்.

கடைக்காரர் வேல்முருகன் ஒரு தினுசான மனிதர். காசு கொண்டுவருகிறவனை விரட்டாத குறையாகப் பேசுவார். தண்டாயுதபாணி நேராகப் போய் ஆளுயரத்துக்கு நின்ற ஒரு ஜோடியைக் காட்டினார். ரிக் வண்டிக்காரர்களுக்கு ஸ்பீக்கர் என்றால் கேபினே அதிர வேண்டும், அந்தப் பழக்கம்.

"அது வேண்டாங்க. உங்க ரூம் சின்னதுன்னு சொல்றீங்க. அதுல இடிதான் கேக்கும், பேச்சு கேக்காது."

"வெல ஜாஸ்தி போட்டிருக்கீங்களே. நல்லதாத்தான இருக்கும்?"

"நல்லதுதாங்க, இல்லேங்கல. ஆனா ஒரு அளவுக்கு மேல நீங்க குடுக்கிற காசு மரத்துக்கும் பாலீசுக்கும் பேருக்கும்தான் போகுது. பாட்டப் போட்டு ஸ்பீக்கர் வாங்காதீங்க. நல்ல பாட்டு எந்தப் பொட்டியிலயும் நல்லாத்தான் இருக்கும். உங்களுக்கு நல்லாப் பழகின ஒருத்தர் குரலப் போட்டுக் கேளுங்க. ஊட்ல பேசற மாதிரியே எதுல கேக்குதோ, அத எடுத்துட்டுப் போங்க."

தண்டாயுதபாணி போனை நீட்டினார்.

"யாருங்க இது?"

"என்ற ஊட்டுக்காரிங்க."

அவ்வளவுதான் சொன்னார். செத்துப்போனாள் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சொல்லை அவர் அதுவரை யாரிடமும் தன் வாயால் சொன்னதில்லை, பாவம்.

அன்று பொழுது சாயும்வரை கந்தம்மாள் அந்தக் கடையில் பேசிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு ஜோடியாக மாற்றி மாற்றிப் போட்டார்கள். பெரிய பெட்டிகளில் மழை ஜல்லி கொட்டுவதுபோல் இரைந்தது. பளபளப்பான ஒரு ஜோடியில் அவள் குரல் வேறு யாரோ மாதிரி இனித்தது. கடைசியில் ஒரு சாதாரண ஜோடி. நடுத்தர விலை, அலமாரியில் வைக்கிற அளவு, கறுப்பு நிறம். அதில் போட்டதும் தண்டாயுதபாணி எழுந்து நின்றுவிட்டார். "ஏனுங்க..." என்ற குரல் இரண்டு பெட்டியிலிருந்தும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து, கந்தம்மாளின் வாய் உயரத்திலிருந்து வந்தது.

"பயப்படாதீங்க" என்று சிரித்தார் வேல்முருகன். "போன்ல பேசினது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். அதனால குரல் நட்ட நடுவுல நிக்கும். நகராது. நல்ல ஸ்பீக்கருக்கு அதுதாங்க அடையாளம்."

அந்த ஜோடியையும், போனோடு ஒயர் இல்லாமல் புளூடூத்தில் சேர்கிற ஒரு ஆம்ப்ளிஃபயரையும் வாங்கினார். பார்சல் லாரியில் வந்தது. வேல்முருகன் போனில் சொல்லச் சொல்ல இவரே ஒயர் மாட்டி, நாற்காலியை எதிரே நடுவாகப் போட்டு உட்கார்ந்தார். கந்தம்மாள் நடுவில் நின்று கூப்பிட்டாள். அன்று அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார், அழுது முடித்துவிட்டுச் சாப்பிட்டார். சாவு நடந்த பிறகு வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான்.

நாலைந்து நாள் போயிருக்கும். காலையில் காப்பி குடித்துவிட்டு வந்து போட்டார்.

குரல் நடுவில் இல்லை.

கொஞ்சம் இடது பக்கமாக இருந்தது.

வேல்முருகனுக்குப் போன் போட்டார். "வலது பொட்டி மக்கர் பண்ணுதோ என்னவோ. ரெண்டு ஒயரையும் எடம் மாத்திப் போடுங்க. ஒயர்ல, ஆம்ப்ளிஃபயர்ல கோளாறுன்னா குரல் இந்தப் பக்கம் தாவிரும். தாவலேன்னா பொட்டியையே எடம் மாத்திப் பாருங்க."

ஒயரை மாற்றினார். குரல் தாவவில்லை. பெட்டியையே தூக்கி இடம் மாற்றினார். அப்போதும் அதே இடம். மழை மட்டும் எதிரே பெய்தது. அவள் மட்டும் நகர்ந்து நின்றாள்.

மறுநாள் இடது பெட்டியையும் தாண்டி, சமையலறை வாசற்படியிலிருந்து கேட்டது. அங்கே பெட்டியும் இல்லை, ஒயரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"அப்படி நகரவே நகராதுங்களே..." என்றார் வேல்முருகன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "இருங்க, நானே ஒரு நாள் வந்து பாக்கறேன்."

நீங்களோ நானோ என்றால் அன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடியிருப்போம். தண்டாயுதபாணிக்குப் பயம் வர வேண்டிய இடத்தில் ஆசை வந்தது. ஏனென்றால், அவள் கிட்டே வர வர மழைக்குள்ளிருந்து சொல் வெளியே வந்தது.

"ஏனுங்க... எனக்கு..."

எனக்கு? எனக்கு என்ன?

அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. போட்டதையே போட்டுக் கேட்டார். மோகனப்பிரியா வந்து பார்த்துத் திகைத்துப் போனாள். பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கச் சொன்னார்.

"எங்கருந்து கேக்குது, சாமி?"

"நடுவுலதான்ப்பா."

"எனக்குன்னு சொல்றா. கேக்குதா?"

"மழைதான்ப்பா கேக்குது..." அவள் அழுதுவிட்டாள். "இந்தப் பொட்டி வந்ததுலருந்து நீங்க ஆளே சரியில்ல. வண்டி சும்மா நிக்குது, ஆளுங்க காத்துக் கெடக்கறாங்க. ஒரு நடை போயிட்டு வாங்கப்பா. அம்மா எங்கயும் போயிர மாட்டாங்க."

மகள் அழுதால் எந்த அப்பன் தாங்குவான்? சரி என்றார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் கடைசியாக ஒரு தடவை போட்டார். உட்கார்ந்தார். மழை எதிரே பெய்தது. நடுவில் குரல் இல்லை. வாசற்படியிலும் இல்லை.

"ஏனுங்க..."

நாற்காலிக்குப் பின்னால்.

பிடரியில் மூச்சு பட்டதுபோல் இருந்தது.

"எனக்கு ஒரு..."

பேச்சு முடிந்துவிட்டது.

மறுநாள் காலை நல்ல நேரத்தில் வண்டிக்குப் பூசை. ரோட்டில் ரிக் நின்றது. மாசி வெயில் சுள்ளென்று அடித்தது. மோகனப்பிரியா வண்டிக்கு முன்னால் சூடம் ஏற்றி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தாள். தண்டாயுதபாணி வீட்டுக்குள் தனியாக நின்றார். வெளியூர் கிளம்புகிற புருசனை வாசலில் நின்று அனுப்ப இப்போது ஆள் இல்லை. அதனால் ஒரு வேலை செய்தார். போனில் கந்தம்மாளின் பழைய பேச்சு ஒன்றைத் தேடி ஸ்பீக்கரில் போட்டார். "பத்தரமா போயிட்டு வாங்க. நேரா நேரத்துக்குச் சாப்புடுங்க." அதைக் கேட்டுக்கொண்டே படி இறங்கினார்.

ரிக் வண்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்கென்று படி இறங்கிவிட்டால் வீட்டிலிருந்து யாரும் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. தெரியாமல் யாராவது கூப்பிட்டுவிட்டாலும் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் குழியில் ஆபத்து. சின்ன வயதிலிருந்தே அதில் ஊறிய உடம்பு அவருடையது. நாலு எட்டு வைத்திருப்பார்.

"ஏனுங்க..."

பின்னாலிருந்து.

தெளிவாக. மழை இல்லாமல்.

கால் நின்றது. கழுத்து திரும்பவில்லை. அடுத்த பேச்சு தானாக ஓடுகிறது, ஸ்பீக்கர்தான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வண்டி இரைச்சல் வேறு. டிரைவர் ஹாரன் அடித்தான். பின்னால் இன்னும் என்னவோ கேட்டது, அவருடைய மந்தக் காதில் விழவில்லை.

திரும்பாமலே போய் வண்டியில் ஏறினார்.

பழம் நசுங்கியது. வண்டி நகர்ந்தது. மோகனப்பிரியா உள்ளே போய் ஸ்பீக்கரை அணைக்கப் பார்த்தாள். போன் அப்பாவின் சட்டைப்பையிலேயே போய்விட்டிருந்தது, ஸ்பீக்கர் எப்போதோ ஊமையாகியிருந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வண்டி தொப்பூர் தாண்டும்போது போன் அடித்தது. தண்டாயுதபாணி ஸ்பீக்கரில் போட்டு, டிரைவரை ஓரம்கட்டச் சொன்னார். கடைக்காரர் வேல்முருகன்.

"காலைல உங்க ஊட்டுக்குத்தாங்க வந்தேன். அந்தக் குரல் நகர்ற விசயத்தப் பாத்துட்டுப் போலாம்னு. பூசை நடந்துட்டிருந்துச்சு, எதுக்க வரக் கூடாதுன்னு ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்னுட்டேன். நீங்க என்னயப் பாக்கல."

"அப்படிங்களா... தெரியலீங்க."

"அது பரவால்லீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, மனசு கேக்கல, அதான் கூப்பிட்டேன். வண்டி போனதும் நேரா உங்க ஊட்டுக்கு ஓடுனேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணு பூட்டிட்டுக் கெளம்பிருச்சு. உள்ள யாருமில்லன்னு சொல்லுச்சு..."

"எதுக்குங்க ஓடுனீங்க?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? அம்மா வாசல்ல நின்னு உங்களக் கூப்பிட்டாங்களே. தல முடியெல்லாம் நனஞ்சு சொட்டுது. செவுத்தப் புடிச்சுட்டு நிக்க முடியாம நிக்கறாங்க. அன்னிக்கு முழுக்கக் கடையில கேட்ட குரலாச்சே, எனக்குத் தெரியாதா? 'ஏனுங்க, எனக்கு ஒரு மாதிரியா வருதுங்க, நெஞ்ச அடைக்குது, சீக்கிரம் வாங்க'ன்னு கத்தறாங்க. நீங்க திரும்பியே பாக்கலியேங்க. ஏங்க, கேக்குதுங்களா? லைன்ல இருக்கீங்களா? அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களா? இப்பத் தேவலைங்களா?"