கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பவர்கள்

அலுவலகத் தோழியும் நானும் காதல் நாவல்களை மாற்றி மாற்றிப் படிப்பவர்கள். கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் புரட்டுவோம். ஜோடி சேர்ந்தால்தான் மீதிக் கதை. இல்லையென்றால் புத்தகம் அப்படியே லைப்ரரிக்குத் திரும்பிவிடும்.

எங்களுக்கு உயிரான நாவல் ஒன்று வெப் சீரிஸாக வந்தது. நாவலின் நடுவில் நாயகன் நாயகியை அறைவான். கடைசியில் அவள் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பான். சீரிஸில் அந்த மன்னிப்பையே வெட்டிவிட்டார்கள். மறுநாள் மாலை, ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில் தோழியைப் பிடித்துக்கொண்டேன்.

"கதையையே கெடுத்துட்டானுங்க. உனக்குக் கோபம் வரல?"

"நான் அதுவரைக்கும் பாக்கலக்கா. அறையற சீன்லயே நிறுத்திட்டேன்."

"புத்தகத்துலயும் அதே அறைதானே? அவன் தங்கமானவன்னு நீதானே சொன்ன?"

என் குரல் உயர்ந்ததில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். காவிரிப் பாலத்து நெரிசலில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. நான் விடுவதாக இல்லை.

"அப்ப மன்னிச்ச இல்ல? இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"புத்தகத்துல சத்தம் கேக்கலக்கா. சீரிஸ்ல கேட்டுச்சு. எங்க வீட்ல கேக்குற அதே சத்தம்."

அப்போது அவள் கணவரிடமிருந்து போன் வந்தது.

"பாலத்துல டிராபிக்குங்க... சத்தியமாங்க. வேணும்னா பக்கத்துல அக்கா இருக்காங்க, கேளுங்க."

போனை என்னிடம் நீட்டினாள்.