மீன் வண்டிக்கு ஆகிற செலவு

பைக் என்ன விலை என்று ஷோரூம்காரர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். அதை வைத்துக்கொள்ள என்ன ஆகும் என்று சொல்லித் திட்டு வாங்குகிற வேலை மெக்கானிக்குக்கு. பைக் வைத்துக்கொண்டு அவதிப்படும் சக ஜீவன்களே, சிதம்பரத்தில் பதினெட்டு வருஷமாகப் பட்டறை நடத்துகிறேன். என் பில்லைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாத ஒரே ஆள் கலைமணி அக்காதான்.

கடலூர் பக்கத்துக் குப்பத்துக்காரர். வீட்டுக்காரருக்குக் கை அடிபட்டு, கடலுக்குப் போக முடியாமல் போனதிலிருந்து அவருடைய பழைய பைக்தான் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. புடவைமேல் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, துறைமுகத்தில் மீன் எடுத்து, பெட்டி கட்டி, தினமும் சிதம்பரம் வரை வந்து அக்காதான் விற்கிறார். கியர் வண்டியா என்று வாயைப் பிளந்தவர்களில் நானும் ஒருவன்.

குளிப்பாட்டிவிட்டேன்

முதல்முறை சர்வீசுக்கு விட்டபோது வண்டி முழுக்கக் கன்னங்கரேலென்று பிசுக்கு. பாவம், கழுவ நேரமில்லை போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டி, டீசல் அடித்து, வாட்டர் வாஷ் செய்து, பளபளவென்று நிறுத்தினேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மீன்பெட்டியிலிருந்து சொட்டுகிற உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்றுவிடும் என்று, மாதாமாதம் பழைய இன்ஜின் ஆயிலைத் துணியில் தொட்டுப் பூசி வந்திருக்கிறார். குப்பத்தில் எல்லாரும் செய்வதுதானாம். கடற்காற்று படாமல் தொழில் கற்றவனுக்கு அது எங்கே தெரியும்?

"அழுக்குன்னு நெனச்சியா தம்பி? வெயிலுக்கு நான் சட்ட போடறனே, அதுமாரி உப்புக்கு அது போட்டுக்கினு இருந்துச்சி. அம்மணமா நிக்க வச்சிட்டியே!"

மச்சானின் யோசனை

சேத்தியாத்தோப்பில் விவசாயம் பார்க்கும் என் மச்சான், தன் புதுப் பைக்கோடு ஒருநாள் பட்டறைக்கு வந்திருந்தார். செயின் செட் மாற்ற வந்த அக்காவிடம், "இத எடைக்குப் போட்டுட்டுப் புதுசு எடுங்கக்கா, தவணதானே?" என்று அளந்துவிட்டார். அக்கா கோபப்படவில்லை. அவர் எந்தச் செலவையும் ரூபாயில் சொல்வதில்லை, எத்தனை நாள் மீன் விற்க வேண்டும் என்றுதான் சொல்வார். ஒரு பொருளின் நிஜ விலையை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவரை நான் பார்த்ததில்லை. மச்சானுக்கும் அதே கணக்கில்தான் பதில் வந்தது.

"செயினுக்கு மூணு நாளு, டயருக்கு நாலு நாளு, இன்சூரன்ஸுக்கு இன்னும் ரெண்டு நாளு ஜாஸ்தி. புது வண்டின்னா மூணு வருஷம் சுத்தணும். அதுக்குள்ள அதுவும் துருப்புடிச்சிப் பூடும், போய்யா!"

பென்சில் சோதனை

வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்தது. ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்ட வேண்டும்; தேறாவிட்டால் ரோட்டில் ஓட்டக்கூடாது, மீன் வியாபாரமும் அன்றோடு சரி. ஆர்.சி.யோடு ஒத்துப் பார்க்க ஹேண்டில் கழுத்தில் அடித்திருக்கும் சேசிஸ் நம்பரைப் பார்த்தேன். அக்கா மறுபடி ஆயில் பூசியும் அந்த மூலைக்குத் துணி எட்டவில்லை. நான் கழுவித் தள்ளிய இடத்தில் துரு பொருக்குத் தட்டி, கடைசி இரண்டு எண்களைக் காணோம். உப்புத்தாள் போட்டால் எண்ணும் சேர்ந்து போய்விடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் இரண்டு நாள் தேய்த்தேன். செய்த தப்புக்குக் கூலி கேட்க வெட்கமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் நம்பர்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். ஒவ்வொரு எண்ணாக எழும்பி வந்தது. கடைசி எண் மங்கல். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை தேய்த்தார். விழுந்தது! பிரேக் பார்த்தார், விளக்கு பார்த்தார். "நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்று ஐந்து வருஷத்துக்குத் தேறியதாக எழுதிக் கொடுத்துவிட்டார். நான் துள்ளிக் குதிக்காத குறை. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அக்காவோ வண்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார். முழுசாக நிமிர அவரால் முடியவில்லை.

"வண்டி அஞ்சு வருஷம் ஓடும்னு எழுதிக் குடுத்துட்டாங்க தம்பி. என் இடுப்புக்கு யாரு எழுதிக் குடுப்பாங்க?"

பைக்குக்கு ஆகிற செலவை ஒன்றுவிடாமல் எழுதுகிறவன் என்று பீற்றிக்கொண்டிருந்தேன். ஓட்டுகிறவரின் இடுப்பு என் பில்லில் ஒரு வரியில்கூட வந்ததில்லை.