பெல்ட் சொன்ன எடை

எடை பார்க்கும் மெஷினில் ஒருமுறைகூட ஏறாமல் எட்டு கிலோ குறைத்தவன் நான். பதினோரு வாரம் இதை முழு மனதோடு நம்பினேன் என்று எழுதும்போதே காது சூடாகிறது. நம்பியதோடு நிறுத்தியிருந்தால் விஷயம் வீட்டோடு போயிருக்கும். வேலை செய்யும் இடத்தில் இரண்டு பேருக்கு அறிவுரையும் சொன்னேன். அதில் ஒருவர் குறித்து வைத்துக்கொண்டார்.

ஆரம்பம் தொப்புளில். ஐம்பத்திரண்டு வயதில் என் தொப்புளுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு எட்டிப் பார்த்தது. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். நான் சொல்வதைக் கேட்டு நடக்கும் உறுப்பு அது ஒன்றுதான் என்பதால் கொஞ்ச நாள் சும்மா விட்டேன். பிறகு வலிக்க ஆரம்பித்தது. தும்மல் வந்தால் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தும்ம வேண்டிய நிலை. வேலூரில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அறுவை சிகிச்சை மருத்துவர் என்னைவிட இருபது வயது சின்னவர். விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஹெர்னியா சார். ஆபரேஷன் பண்ணிடலாம். ஆனா இப்ப முடியாது."

"ஏன் டாக்டர்?"

"தொண்ணூத்தி நாலு கிலோ இருக்கீங்க. இந்த வயித்துல தையல் போட்டா எனக்குத்தான் கெட்ட பேரு, நிக்காது. எண்பத்தாறுக்கு வாங்க. மூணு மாசம் தர்றேன். ரொம்ப தள்ளவும் கூடாது."

என் மனைவி பள்ளி ஆசிரியை. கூட இருந்து பார்த்துக்கொள்ள அவளை விட்டால் ஆள் இல்லை. அவளுக்கோ அரையாண்டு விடுமுறையை விட்டால் நாள் இல்லை. அந்த விடுமுறையின் முதல் திங்கட்கிழமையை மருத்துவர் எனக்காகக் குறித்துக்கொண்டார். அன்றைக்கு எண்பத்தாறு இருந்தால் கத்தி. இல்லாவிட்டால் நாள் வேறொருவருக்கு.

எதையும் படித்துவிட்டுச் செய்வது என் வழக்கம். படித்த உடனேயே செய்துவிட்ட திருப்தி வந்துவிடுவதால் இரண்டாவது கட்டம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. இம்முறை உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கூடுதலாகவே படித்தேன். புத்தகங்கள், வீடியோக்கள், கைபேசியில் ஒரு செயலி. செயலி ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, 'உங்களால் முடியும்' என்று செய்தி அனுப்பும். என்னால் என்ன முடியும் என்று என்னைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒன்று இவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: எடை குறைப்பது பெரிதில்லை, உற்சாகம் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிது. பல் வரிசை அழகாக இருந்த ஒரு பேச்சாளர் இன்னும் ஒரு படி மேலே போய், தினமும் எடை மெஷினில் ஏறுகிறவன் தன் உற்சாகத்தைத் தானே மிதிக்கிறான் என்றார். உங்கள் உடைகள் உண்மையைச் சொல்லும், அவற்றைக் கேளுங்கள் என்றார். எனக்குச் சாதகமாக ஒருவர் பேசினால் அவரை அறிஞர் என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமே கிடையாது. எடை மெஷினைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினேன்.

"அது இன்னாங்க பாவம் பண்ணுச்சு?" என்றாள் மனைவி.

"அது உற்சாகத்தைக் கெடுக்குது."

"நல்லதாப் போச்சு. கரண்டு பில்லும் உற்சாகத்தக் கெடுக்குது. அதையும் மேல ஏத்திடுங்க."

நான் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ரகம் பிரிக்கிறவன். பதனிட்டு வந்த தோலை மேசைமேல் விரித்து, தடவி, மடித்து, இழுத்துப் பார்த்து, இது முதல் ரகம், இது இரண்டாவது, இது கழிவு என்று சொல்வது என் வேலை. இருபத்தாறு வருடமாக இதற்குத்தான் சம்பளம். கழிவு என்றால் உள்பக்கத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். நான் குறி போட்ட தோலை மறுபடி எடுத்துப் பார்த்த மேலாளர் இன்றுவரை இல்லை.

வெட்டும் பிரிவில் இருக்கும் பாய் எனக்கு இருபது வருடத் தோழர். அவரிடம் போய், எனக்கு ஒரு பெல்ட் வெட்டித் தர வேண்டும், நாற்பத்தாறு அங்குலம், ஓர் அங்குலத்துக்கு ஒரு ஓட்டையாக எட்டு ஓட்டை என்று கேட்டேன். ஓர் ஓட்டைக்கு இரண்டு கிலோவாவது இருக்கும் என்பது என் கணக்கு. நாலு ஓட்டை உள்ளே போனால் எண்பத்தாறு. எதற்கும் இருக்கட்டும் என்று அதற்குப் பிறகும் ஓட்டைகள். லட்சியம் பெரிதாக இருக்க வேண்டுமல்லவா?

"எட்டு ஓட்டையா? பெல்ட்டா தோஸ்த், புல்லாங்குழலா?" என்றார் பாய்.

"நல்ல தோலை வேஸ்ட் பண்ணாதீங்க பாய். கழிவுல எதாவது துண்டு பாருங்க."

அரை மணி நேரத்தில் கொண்டுவந்து கொடுத்தார். பழுப்பு நிறம், கை வைத்தால் வெண்ணெய் மாதிரி. உள்ளே அட்டையோ இன்னொரு தோலோ வைத்துத் தைக்காத ஒற்றைத் தோல். நான் அதைத் தடவிப் பார்த்து, ஆஹா என்றேன். மடித்துப் பார்க்கவில்லை. இழுத்தும் பார்க்கவில்லை.

அடுத்த நாளே நடக்க ஆரம்பித்தேன். விடியலில் பைபாஸ் ஓரமாகப் போகும் சர்வீஸ் ரோட்டில் நாலு கிலோமீட்டர். பிரியாணிக் கடைகளில் அண்டா கழுவிக்கொண்டிருப்பார்கள். வியர்வை இடுப்பு வழியாக வழிந்து பெல்ட்டை ஊற வைக்கும். அந்த ஈரத்தை நான் பெருமையாகத் தடவிக்கொள்வேன். ராத்திரி சோற்றுக்குப் பதில் கேழ்வரகுக் களி. அளவு பற்றி எந்தப் புத்தகத்திலும் தெளிவாக இல்லாததால் நானே ஓர் அளவு வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் பெல்ட் ஓர் ஓட்டை உள்ளே போனது. குளியலறையில் நின்று நான் கத்திய கத்தலில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். வழுக்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். விஷயத்தைச் சொன்னேன். பார்த்தாள். திரும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஒவ்வொரு வெற்றியையும் கொண்டாட வேண்டும், இல்லாவிட்டால் உற்சாகம் வற்றிவிடும் என்று அந்தப் பல் வரிசைக்காரர் சொல்லியிருந்தார். முதல் ஓட்டைக்கு அரை பிளேட் பிரியாணி. ஆறாவது வாரம் இரண்டாவது ஓட்டை, முழு பிளேட். ஒன்பதாவது வாரம் மூன்றாவது. பாயையும் அழைத்துப்போய் விருந்து வைத்தேன், கடைசியில் இனிப்போடு. பதினோராவது வாரம் நாலாவது ஓட்டை கிட்டத்தட்ட வந்துவிட்டது. மூச்சை இழுத்துப் பிடித்தால் முழுதாகவே வந்தது. எண்பத்தாறு! அறிவுரை சொன்னது இந்த வாரத்தில்தான்.

வீட்டில் மட்டும் ஒரு சின்ன முணுமுணுப்பு இருந்தது.

"ஏங்க, சட்டை பட்டன் ஏன் இப்டி இழுத்துனு நிக்குது?"

"துணி சுருங்கிடுச்சு."

"மூணு வருசமா சுருங்காத துணி இப்ப இன்னாத்துக்கு சுருங்குது?"

"சோப்புப் பவுடர் மாத்தினியே."

அவள் பவுடர் மாற்றவில்லை. ஆனால் பேண்ட், சட்டை, பனியன் எல்லாம் ஒரு பக்கம், பெல்ட் மட்டும் இன்னொரு பக்கம் என்று சாட்சி சொன்னபோது நான் பெல்ட்டைத்தான் நம்பினேன். அது தோல். தோலைப் பற்றி எனக்குத் தெரியும்.

குறித்த நாளுக்கு மூன்று நாள் முன்பு பரிசோதனைக்குப் போனோம். மனைவி ஒரு பையில் டவல், பிளாஸ்க், டம்ளர் எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். அப்படியே படுக்கச் சொன்னாலும் சொல்வார்கள் என்று. நர்ஸ் மெஷினைக் காட்டினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு சிரிப்போடு ஏறினேன்.

தொண்ணூற்றாறு.

"ஏம்மா, இந்த மெஷின் ரிப்பேரா?"

நர்ஸ் என்னை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறினாள். இறங்கினாள். "எனக்கு கரெக்டாதான் காட்டுது சார்."

உள்ளே மருத்துவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கொறைக்கச் சொன்னேனே சார். ரெண்டு கிலோ ஏத்தினு வந்திருக்கீங்க?"

நான் சட்டையைத் தூக்கிப் பெல்ட்டைக் காட்டினேன். ஓட்டைகளை எண்ணியும் காட்டினேன். படித்த மனிதர், பொறுமையாகப் பார்த்தார். பிறகு கணினிப் பக்கம் திரும்பி என் திங்கட்கிழமையை அழித்தார். நான் வெளியே வருவதற்குள் அது ஒரு தையல்கடைக்காரருக்குப் போய்விட்டது. அவர் எனக்கு நன்றி சொன்னார்.

பேருந்தில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மடியில் பை. வண்டி குலுங்கும்போதெல்லாம் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆம்பூரில் இறங்கும்போது, "இனிமே மே மாசம்தான் எனக்கு லீவு. அது வரைக்கும் இது தாங்கணும்" என்றாள். அதுவரை இதில் சிரிப்பதற்கு ஏதோ இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் பாயிடம் போனேன். பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். மேசைமேல் போட்டு டேப் வைத்தார். நாற்பத்தொன்பதே முக்கால் அங்குலம். வெட்டும்போது நாற்பத்தாறு. ஒரு முனையைப் பிடித்து லேசாக இழுத்தார். அது இன்னும் கொஞ்சம் வந்தது.

"வயித்துத் தோலு தோஸ்த்," என்றார். "மாட்டோட அடிவயிறு. முதுகுல வெட்டினா நிக்கும். இது இழுத்துனே போவும். உனக்கு நான் சொல்லணுமா?"

வேண்டாம். தோல் தொழிலில் சேர்ந்த முதல் வாரம் சொல்லித் தருவது அது. ஆடானாலும் மாடானாலும் வயிற்றுப் பகுதி தளர்ந்தது, இழுத்தால் திரும்பாது; அதைப் பார்த்துக் கழிப்பதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.

"தெரிஞ்சே ஏன் பாய் வெட்டினீங்க?"

"கழிவுல எடுன்னது நீ. கழிவுன்னு தள்ளுனதும் நீ. திருப்பிப் பாரு."

திருப்பினேன். உள்பக்கத்தில், வியர்வையில் பாதி அழிந்து, என் பெருக்கல் குறி. பதினோரு வாரமாக அதை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன்.

ஈரத் தோலைச் சட்டத்தில் மாட்டி நாலு பக்கமும் இழுத்துக் காயவைக்க எங்களிடம் ஒரு மெஷின் உண்டு. பாய் அதைக் கைகாட்டினார். "அது பண்ற வேலைய நீ நடந்துனே பண்ணிட்டே. தெனம் வேர்வைல ஊற வெச்சி, தொப்பையால இழுத்துனு. கரண்டும் மிச்சம்." பிரிவு முழுக்கச் சிரித்தது. என் அறிவுரையைக் குறித்து வைத்துக்கொண்டவர் மட்டும் சிரிக்கவில்லை. அவரும் அதே தோலில் தனக்கு ஒரு பெல்ட் வெட்டச் சொல்லியிருந்தாராம்.

அதற்குப் பிறகு நடந்ததில் உற்சாகத்துக்கு இடமே இல்லை. மனைவி பரணில் இருந்து மெஷினை இறக்கி வாசற்கதவுக்கு நேராக வைத்தாள். அதில் ஏறி இறங்காமல் வீட்டைவிட்டு வெளியே போக முடியாது. சோறு, களி எல்லாம் ஒரு கிண்ணம். எந்தக் கிண்ணம் என்பதை அவள் முடிவு செய்தாள். ஒருநாள் காலையில், இன்றைக்கு மனசே சரியில்லை, உற்சாகம் இல்லை என்றேன்.

"உற்சாகம் வந்தா வரட்டும், வர்லன்னா போவட்டும். அதுக்கும் சேத்தா நான் சமைக்கிறேன்? ஏறுங்க."

ஏறினேன். எரிச்சலோடு ஏறினேன், கோபத்தோடு ஏறினேன், ஒருநாள் அழுகை வரும்போலவும் ஏறினேன். எந்த மனநிலையில் ஏறினாலும் மெஷின் இருக்கிற எடையைத்தான் காட்டியது. செயலியை அழித்தேன். நடந்தேன். பிரியாணிக் கடைகளைக் கடக்கும்போது ரோட்டின் அந்தப் பக்கத்துக்கு மாறிக்கொண்டேன். தை, மாசி, பங்குனி என்று போனது. ஒரு மாதம் ஒன்றுமே குறையவில்லை. இன்னொரு மாதம் மூன்று குறைந்தது. ஏன் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. புடைப்பு மட்டும் எலுமிச்சையிலிருந்து சாத்துக்குடிக்கு முன்னேறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தும்மலுக்கும் அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

மே மாதம் வேலூரில், அதே நர்ஸ், அதே மெஷின். எண்பத்தைந்தரை. நர்ஸ் இரண்டாம் முறை ஏறச் சொன்னாள். அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. மருத்துவர் கை கொடுத்தார். அறுவை சிகிச்சை முக்கால் மணி நேரத்தில் நல்லபடியாக முடிந்தது. மனைவி அன்றுதான் அந்தப் பையைப் பிரித்தாள்.

பக்கத்துக் கட்டிலில் கலவை ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர் படுத்திருந்தார். கட்டிலை நிறைத்துக்கொண்டு படுத்திருந்தார் என்பது சரியாக இருக்கும். நூறு கிலோவுக்குக் குறையாது. அவருக்கும் அதே ஹெர்னியா, அதே மருத்துவர். மூக்கில் போட்டிருந்த குழாயை அன்று காலையில்தான் எடுத்திருந்தார்கள். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் என் எட்டு மாதக் கதையைக் கொஞ்சம் பெருமை கலந்தே சொன்னேன். தையல் வலிக்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எனக்கும்தான் சொன்னாரு சார் டாக்டரு, பத்து கிலோ கம்மி பண்ணினு வான்னு. நான் அப்றம் இந்தப் பக்கமே வர்ல. முந்தாநேத்து மத்தியானம் சாப்ட்டு கை கழுவினு இருக்கேன், வலி புடிச்சிக்கிச்சி. தூக்கியாந்தாங்க. கொடலு மாட்டிக்கிச்சி, அவசரம்னாங்க. வெயிட்டே பாக்கல சார், நேரா உள்ள தள்ளினு போய்ட்டாங்க."

பிறகு தலையைத் திருப்பி, என் இளைத்த உடம்பை மேலிருந்து கீழ்வரை பரிதாபமாகப் பார்த்தார்.

"படிச்சவங்களா இருந்துனு, எட்டு மாசம் இன்னாத்துக்கு சார் பட்டினி கெடந்தீங்க?"