பார்த்துக்கொண்டிருந்த வேலைக்கே நேர்காணல்

பத்து வருடத்துக்கும் மேலாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே வேலையைப் பார்க்கிற ஒருத்தியைக் கூப்பிட்டு, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், இங்கே ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்று கேட்டால் அவள் என்னதான் சொல்லுவாள்? இந்தக் கூத்து எங்கள் பல் ஆஸ்பத்திரியில் நடந்தது. கேட்ட மூன்று பேரில் நானும் ஒருத்தி. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்று விதியாம். கணக்குப் பிரிவில் இருப்பதே நான் ஒருத்திதான்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. வருகிறவர்களுக்கு அவள் டோக்கன் அக்கா. வாசலில் நுழைந்ததும் அவள் கவுண்டர், அதை ஒட்டி என் மேசை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டே வருகிறவர்களிடம், "எந்தப் பக்கம்? மேலயா கீழயா? உட்காருங்க, இதோ கூப்பிடறேன்" என்பாள். அந்த 'இதோ' ஒரு மணி நேரம் ஆனாலும் யாரும் அவளிடம் சண்டைக்கு வந்ததில்லை. அவளும் யாரிடமும் போனதில்லை. பூனைக்குட்டி மாதிரி இருப்பாள். என்ன சொன்னாலும் "சரிக்கா". எனக்குக் கூடப் பிறந்த தங்கை கிடையாது. அந்தக் குறையை இவள் தீர்த்துவிட்டாள் என்று நானே வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் அவள் வேலை தற்காலிகம். ஒவ்வொரு வருடக் கடைசியிலும் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டு இன்னொரு வருடம் நீட்டிப்பார். இந்த முறை தலைமை அலுவலகம் அந்த இடத்தை நிரந்தரமாக்கியது. நல்ல சேதிதான். அதோடு சேர்த்து, வெளியாட்களும் விண்ணப்பிக்கலாம், எல்லோருக்கும் நேர்காணல் உண்டு என்று ஒரு வால் ஒட்டியிருந்தது. தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் வருகிற ஆளுக்கு வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"பயப்படாதே, நான் சொல்லித் தரேன்" என்றேன். எல்லா இடத்திலும் கேட்கிற அதே கேள்விகள்தானே, இதில் ரகசியம் என்ன? நான் கடைசியாக நேர்காணலுக்குப் போனது எந்தக் காலத்திலோ. அதனாலென்ன, வாய் இருக்கிறதே.

மதிய இடைவேளையில், பல் அச்சு அடுக்கி வைக்கிற அறையில் ஒத்திகை. அலமாரி முழுக்க, நோயாளிகள் வாயில் அச்செடுத்து வார்த்த பிளாஸ்டர் பல்வரிசைகள் எங்களைப் பார்த்து இளித்துக்கொண்டிருக்கும்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தேன்.

"என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா அக்கா?"

"நான் உன்னை இன்னிக்குத்தான் முதல்முதலா பார்க்கறேன். அப்படி நினைச்சுக்கோ."

"இப்பத்தானே என் தலையில ஒட்டியிருந்த நூலை எடுத்து விட்டீங்க?"

"அடியேய், விளையாடாதே! சரி, எங்க நிறுவனத்துல ஏன் சேர விரும்பறீங்க?"

"ஏற்கெனவே இங்கதானே இருக்கேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "இதே கவுண்டர்லதான்க்கா, வேற எங்க?" என்கிறாள். பலவீனம் என்ன என்றதற்கு வந்த பதில்தான் எல்லாவற்றுக்கும் சிகரம். "ரொம்ப வலிக்குதுன்னு யாராவது அழுதா, டோக்கனைத் தாண்டி உள்ள அனுப்பிடுவேன்."

"அய்யய்யோ! பெரிய டாக்டர் முன்னால அதைச் சொல்லிவைக்காதே. இப்படிச் சொல்லு. 'எடுத்த வேலையை முழுசா முடிக்காம எனக்குத் தூக்கம் வராது, அதுதான் என் பலவீனம்.'"

"இது பலவீனமாக்கா? பீத்தல் இல்லையா?"

"எல்லாரும் அப்படித்தான் பீத்திக்கிறாங்க. நீயும் பீத்து."

"சரிக்கா" என்றாள். எனக்குத் திருப்தி. எதை எடுத்தாலும் மறுபேச்சுப் பேசாத மாணவி யாருக்குக் கிடைப்பாள்? மனப்பாடம் பண்ணவைத்து, கை கட்டாதே, காலை ஆட்டாதே, 'அதாவது' என்று ஆரம்பிக்காதே என்று உருட்டி மிரட்டித் தயார்படுத்தினேன்.

நேர்காணல் அன்று ஆஸ்பத்திரிக்கு விடுமுறை கிடையாது. நேர்காணலுக்கு வந்தவர்களை என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில் அவள் அவர்களுக்கும் டோக்கன் கொடுத்து நோயாளிகளுக்கு நடுவில் உட்காரவைத்துவிட்டாள். பதற்றத்தில் கன்னத்தில் கை வைத்திருந்த ஓர் இளைஞனை நர்ஸ் உள்ளே கூட்டிப்போய், நாற்காலியைச் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லியிருக்கிறாள். நேர்காணல் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவனும் திறந்திருக்கிறான். சொத்தைப் பல் ஒன்று அகப்பட்டதுதான் மிச்சம்.

தனக்கென்று கடைசி டோக்கனை வைத்துக்கொண்டிருந்தாள். முறை வந்ததும் வழக்கமான குரலில் அந்த எண்ணைக் கூப்பிட்டாள், தானே எழுந்தாள், கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். பெரிய டாக்டர் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"உங்களைப் பத்திச் சொல்லும்மா" என்றார், பாவம், கூச்சத்தோடு. அவள் ஒப்பித்தாள். ஏன் சேர விரும்புகிறீர்கள்? ஒப்பித்தாள். பலவீனம்? தூக்கம் வராது என்று கண் இமைக்காமல் பீத்தினாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்போது தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் கையிலிருந்த பேனாவை மூடினார். அதுவரை அவர் அதிகம் பேசவில்லை.

"கூட வேலை செய்றவங்களோட எப்பவாவது பிரச்சினை வந்திருக்கா? வந்தப்ப எப்படித் தீர்த்தீங்க?"

இந்தக் கேள்விக்கு நாங்கள் ஒத்திகை பார்க்கவே இல்லை. அவளுக்கு யாரோடு பிரச்சினை வரும்? 'இல்லைன்னு சொல்லு' என்று கண்ணாலேயே ஜாடை காட்டினேன்.

"வந்திருக்கு சார்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அக்காவோடதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னோடா?

"எங்க ரெண்டு பேர் தலைக்கு மேலயும் ஒரே ஃபேன் சார். சுவிட்ச் அக்கா பக்கம். அவங்களுக்கு வேர்க்கும், முழு வேகத்துல வைப்பாங்க. எனக்குத் தலைவலி வரும், டோக்கன் சீட்டெல்லாம் பறக்கும். வந்த புதுசுல ஒருதடவை குறைக்கச் சொன்னேன். 'எனக்குப் புழுங்குது'ன்னாங்க. சரின்னு விட்டுட்டேன்."

"அப்புறம்?"

"சீட்டு மேல பிளாஸ்டர் பல்லை வச்சுக்கிட்டேன். தோள்ல சால்வை போட்டுக்கிட்டேன்."

அட கடவுளே! சால்வை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும் போலிருக்கிறது என்று அவள் பிறந்தநாளுக்கு நான் இன்னொரு சால்வை வேறு வாங்கிக் கொடுத்திருந்தேன்.

"அப்ப பேசித் தீர்க்கவே இல்லையா?"

"இல்ல சார். எப்படிப் பேசறது? வருஷா வருஷம் கையெழுத்து ஆகணும். யாருக்காவது என்மேல மனக்கசப்பு வந்து, அந்த நேரம் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கன்னா? அதனால யார் என்ன சொன்னாலும் சரின்னுடுவேன். எல்லாரும் எனக்குப் பொறுமை ஜாஸ்தின்னு சொல்றாங்க. பொறுமை இல்ல சார். பயம்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு ஃபேனுக்கா இத்தனை வருடம் மனசுக்குள் வைத்திருந்தாள்? நான் போய் இவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுவேனா? பிறகு, சொல்லமாட்டேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று தோன்றியது. தங்கை தங்கை என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த வீட்டில் தங்கை அக்காவோடு சண்டை போடாமல் இருக்கிறாள்?

"வேலை நிரந்தரமானா என்ன செய்வீங்க?" என்றார் அவர்.

"சண்டை போடுவேன் சார்" என்றாள், ஒப்பிக்காமல்.

பெரிய டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மதிப்பெண் தாளை என்னிடம் நீட்டினார்கள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே முழு மதிப்பெண் போட்டேன்.

உத்தரவு வந்தது. நிரந்தரம். நானே போய் ஃபேன் வேகத்தைக் குறைத்துவிட்டு, ஏதோ பெரிய தியாகம் செய்தவள் மாதிரி முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் கண்டுகொள்ளவே இல்லை. சண்டையாவது ஒன்றாவது, சும்மா சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூட விடுமுறை வந்தது. வழக்கம்போல அந்த முதல் வாரத்துக்கு லீவு எழுதிக் கொடுக்கப் போனால், அவள் எனக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் கிடையாது.

"என்னடி இது? எப்பவும் நான்தானே எடுப்பேன்?"

"அதான் இந்தத் தடவை நான் எடுக்கறேன். நீங்க அடுத்த வாரம் எடுங்க."

"நாங்க ஊருக்குப் போக டிக்கெட் போட்டாச்சு!"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டிருக்கணும்க்கா. எனக்கும் வீடு இருக்கு, பிள்ளை இருக்கு. அவனை ஒரு லீவுக்காவது எங்கயாவது கூட்டிட்டுப் போயிருக்கேனா?"

நான் கத்தினேன். அவள் என்னைவிடப் பலமாகக் கத்தினாள். அந்தக் குரல் அவளுக்குள் எங்கே இருந்ததோ! நோயாளிகள் பல்வலியை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் சில நாள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்குப் போய் அழுதேன். டிக்கெட்டை ரத்து செய்யும்போது என் வீட்டுக்காரர் சிரித்தது இன்னும் எரிச்சல்.

அவள் லீவில் போன வாரம் கவுண்டரில் நான்தான் உட்கார்ந்தேன். வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து ஏமாந்துபோனார்கள். ஒரு பெரியவர் கன்னத்தைப் பிடித்தபடி, "டோக்கன் அக்கா எங்கம்மா? வேலையை விட்டுட்டாங்களா?" என்று பதறினார்.

"அவளா விடுவா? லீவு போட்டிருக்கா. அடுத்த வாரம் வந்துடுவா, சண்டைக்காரி" என்றேன். சொல்லிவிட்டு முந்தானையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன். பெரியவர் அதைப் பல்வலி என்று நினைத்து, எந்தப் பக்கம் என்று கேட்டார்.