செங்கல் வரும்வரை

என் தங்கையின் இரண்டு கால்களையும் தலையில் தாங்கி அவள் உயிரைக் காத்தவன் நான். பல கல்யாண வீடுகளில் இதைச் சொல்லியிருக்கிறேன். அவள் உயிருக்கு ஆபத்து வந்ததே என்னால்தான் என்பதை மட்டும் விட்டுவிடுவேன்.

எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஆறு. ராயபுரம் கடற்கரையில் கவிழ்த்துப் போட்ட படகின் மேல் பலகையைக் குறுக்கே வைத்து, ஆளுக்கொரு முனையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். அவள் உயரே இருந்தபோது, "கப்பல் முழுகுதுடீ!" என்று நான் குதித்துவிட்டேன். அவள் விழுந்த இடத்தில் ஒரு பழைய நங்கூரம் கிடந்தது. கை கிழிந்து மணல் சிவந்தது.

எனக்கும் முழங்காலில் ஒரு சிராய்ப்பு. நான் போட்ட கூச்சலில், அம்மாவோடு கரையில் உட்கார்ந்திருந்த மாமா முதலில் என்னிடம்தான் ஓடிவந்தார். பிறகு அவளைப் பார்த்தார். வேட்டியைக் கிழித்துக் கட்டி ஜட்கா வண்டியில் ஏற்றினார். மயக்கத்துக்கு சோடாதான் எங்கள் பேட்டை வைத்தியம். அம்மா அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, வழியெல்லாம் முகத்தில் சோடா அடித்துக்கொண்டே வந்தாள். தங்கை வெளுத்துப்போய், சத்தமே காட்டவில்லை.

"கொயந்த எவ்ளோ பொறுமையா கீது பாரு! நீ இன்னாடான்னா ஊளவுட்டுகினு வர்றே" என்றார் மாமா.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் முழங்காலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் மறு கையில் துணிப்பட்டையைச் சுற்றி, ரப்பர் குமிழை அமுக்கி, ரத்த அழுத்தம் காட்டும் பாதரசத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"உட்கார வைக்காதீங்க! தலை தாழ்ந்து கால் உயரணும். கட்டில் கால்மாட்டுக்கு முட்டுக் கொடுக்கச் செங்கல் கொண்டாங்க!"

செங்கல் வரும்வரை நான்தான் செங்கல். நர்ஸம்மா என்னைக் கால்மாட்டில் குந்தவைத்து, அவள் கால்களைத் தூக்கி என் தலையில் வைத்தாள்.

"தங்கச்சி கால அண்ணன் தலமேலியா? நான் மாட்டேன்!"

"ஆடினே, தோல உரிச்சிடுவேன்" என்றார் மாமா.

அந்தப் பாதங்கள் ஐஸ்கட்டியாய் இருந்தன. அவள் நரம்பில் உப்புநீர் ஏறியது. செங்கல் வந்த பிறகும் என் தலையிலிருந்து கால்களை இறக்க யாருக்கும் நினைவில்லை. டாக்டர் திரும்பத் திரும்பக் குமிழை அமுக்கினார். கடைசியில் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். சற்றைக்கெல்லாம் என் மூக்கில் ஓர் உதை விழுந்தது. "சோடா வோணும்!" என்று தங்கை வீறிட்டாள்.

பிள்ளை அழுகிறது, அம்மாவோ சிரிக்கிறாள். இது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. ஜட்காவில் அவள் காத்த பொறுமையைத்தான் டாக்டர் பாதரசத்தில் பார்த்துப் பயந்தார் என்பதும் அன்று தெரியாது.

மூன்றாம் நாள், என் தலை இல்லாவிட்டால் இவள் பிழைத்திருப்பாளா என்று பெருமையடித்தேன்.

அம்மா சொன்னாள்: "போவட்டும். அந்தத் தல ஒரு தபாவாச்சும் ஒதவிச்சே!"